சர்க்கரையக்கா

அவளுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் சர்க்கரையக்கா என்று கூப்பிட்டதற்குக் காரணம் அவள் வேலை. புற்றுநோய்ச் செல் தன் மேல் ஒருவகைச் சர்க்கரையைப் போர்த்திக்கொள்ளும். உடம்பைக் காக்கும் வெள்ளையணுக்கள் தொட்டுப் பார்த்து, நம்ம ஆள்தான் என்று விட்டுவிடும். அந்தப் போர்வையை நொதி ஊற்றி உரிப்பது அவள் பொறுப்பு. இதெல்லாம் கேன்டீன்காரருக்கு எங்கே தெரியும்? பெயரைக் கேட்ட அன்றே சர்க்கரை போடாத டீயை நீட்டினார். பாவம், அக்கறையாகத்தானே தருகிறார் என்று அவளும் குடித்தாள். ஆறு வருஷம் குடித்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் எப்படிப் பிழைத்தாள் என்பதுதான் ஆச்சரியம்.

மூன்று மாதமாகச் சோதனை கைகொடுக்கவில்லை. மாலையில் சர்க்கரையை உரித்து, மறுநாள் காலை வெள்ளையணுக்களைச் சேர்த்தால், அவை புற்றுநோய்ச் செல்லை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாசக் கடைசியில் இந்த ஆராய்ச்சியையே மூடிவிடலாம் என்று கூடத்தின் தலைவியான மேடம் சொல்லிவிட்டார். அவள் விடாமல் உரித்துக்கொண்டே இருந்தாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒருநாள் காலை வீட்டுக்காரர் கண்ணாடி முன் கன்னத்தைத் தடவி அலுத்துக்கொண்டார். "நேத்து சாயங்காலம்தான் மழிச்சேன், அதுக்குள்ள முளைச்சிடுச்சு பாரு."

தலை வாரிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. உயிருள்ள செல் ஆயிற்றே, அதுவும் விடிவதற்குள் மறுபடி போர்த்திக்கொண்டால்?

மேடம் வகுத்த முறையைத் தப்பென்று மேடத்திடமே சொல்ல வேண்டும். அறைவாசல் வரை மூன்று தடவை போய்த் திரும்பினாள். நாலாவது தடவை சொல்லியேவிட்டாள். "மேடம், ஒரு ராத்திரி விட்டு வைக்கிறோமே, அதுல சர்க்கரை திரும்ப வந்துடுதோன்னு தோணுது. உரிச்ச கையோட சேர்த்துப் பார்க்கலாமா?"

மேடம் சோதனைக் குறிப்பை ஒருமுறை புரட்டிவிட்டு, செய்து பாருங்கள் என்றார்.

அன்றே செய்தாள். சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வெள்ளையணுக்கள் மொய்த்துக் கிடந்தன. பாதிக்கு மேல் புற்றுநோய்ச் செல்கள் செத்திருந்தன. சோதனைக் கிண்ணத்தில் நடந்தது மனுஷ உடம்பில் நடக்க இன்னும் எத்தனை வருஷமோ. ஆனால் மூடுகிற பேச்சு போயே போய்விட்டது.

கேன்டீனுக்குப் போனாள். "அண்ணே, எனக்குச் சர்க்கரையெல்லாம் இல்ல. டீயில போட்டே குடுங்க."

அவர் திகைத்து, ஆறு வருஷத்துக்கும் சேர்த்து நாலு ஸ்பூன் போட்டுக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தாள். திகட்டியது. நேற்று என்றால் முழுங்கியிருப்பாள்.

"ஒரு ஸ்பூன் போதும்ணே" என்று கிளாஸைத் திருப்பி நீட்டினாள்.