கரையில் இருந்தவர்கள் மட்டும்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. பொருளாதார ஆனர்ஸ் வகுப்பில் கடைசி பெஞ்சில் காலாட்டிக்கொண்டே இருப்பேன். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, சாந்தோம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலையைப் பேராசிரியர் என் தலையில் கட்டினார். அங்கே புது வீடுகள் கட்டப் போகிறார்கள். ஐந்து பேர் இருந்தால் இரண்டு அறை, குறைந்தால் ஒரே அறை. எங்கள் படிவத்தை வைத்துத்தான் முடிவு.

வகுப்பு தொடங்குமுன் காலையிலேயே மயிலாப்பூரிலிருந்து சைக்கிளை மிதிப்பேன். "வீட்டில் எத்தனை பேர்?" கேட்பேன், எழுதுவேன், அடுத்த வாசலுக்குப் போய்விடுவேன். இரண்டு வார வேலையை நாலே நாளில் முடித்ததில் தலைகால் புரியவில்லை.

பேராசிரியர் தாள்களைப் புரட்டினார். "ஏனப்பா, மீன்பிடிக் குப்பத்தில் மீன்பிடிக்க ஓர் ஆள்கூட இல்லையா?"

தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை வீடு கட்டுவோரிடம் அவை போயாக வேண்டும். அன்று பிற்பகலே குப்பத்துக்கு ஓடினேன். முதல் குடிசையில் மீன் விற்கும் அம்மாள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரரை அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"கடலுக்குப் போனவங்கள எண்ணக் கூடாது சாமி. கரையேறினாத்தான் கணக்கு. நீ இன்னா, காலைல வந்து கேட்டுக்கினு ஓடிப் பூட்ட."

வெட்கமாக இருந்தது. ஒரு நாள் நின்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"இப்ப எத்தனை பேர்?"

"அவரு வந்துட்டாரு. மூத்த புள்ள வேற கட்டுமரத்துல போனான், இன்னும் வர்ல. நாலுன்னு எழுதிக்க."

மற்ற வீடுகளின் கணக்கையெல்லாம் திருத்திவிட்டுத் திரும்பினேன். கட்டுமரங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன, ஒன்றைத் தவிர. அந்த மீன்கார அம்மாள் தண்ணீர் ஓரத்தில் நின்றாள். ஐந்து என்று நானே எழுதியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் கை வரவில்லை. நாலு என்று எழுதவோ பயமாக இருந்தது. பென்சிலைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில்தான் அந்த மரம் அலையில் ஏறி வந்தது. இளைஞன் ஒருவன் குதித்து, இடுப்பளவுத் தண்ணீரில் அதைத் தள்ளிக்கொண்டு கரையேறினான். அவள் அவனைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை பார்த்தாள். நேரே என்னிடம் வந்தாள்.

"இப்ப எழுது சாமி."