குத்தாத கற்கள்

குசினித் தரையில் கிடந்த இரத்தம் மீனுடையது என்றுதான் நினைத்தேன். என் கணவர் அன்று பாரை வெட்டியிருந்தார். கழுவத் தெரியாத மனிசன் என்று ஒரு பாட்டம் ஏசிவிட்டுத் துடைக்கத் தொடங்கினேன். துடைத்துக்கொண்டு போக, துடைத்த இடத்திலெல்லாம் மறுபடியும் சிவப்பு இருந்தது. அவர்தான் என்னைக் கதிரையில் இருத்தி இடது காலைத் தூக்கிப் பார்த்தார்.

"இஞ்ச பாரும், இவ்வளவு பெரிய சிப்பி ஓடு ஏறிக் கிடக்கு. உமக்கு நோகேல்லையா?"

நோகவில்லை. எப்போது ஏறியது என்றும் தெரியாது. பெருவிரலின் அடியில் தோல் வெள்ளையாக ஊறி நாறத் தொடங்கியிருந்தது. மூன்று நாளாக இருக்கலாம், ஐந்து நாளாகவும் இருக்கலாம்.

நீரிழிவுக்காரர் வாசிப்பீர்கள் என்று நினைத்து இதை எழுதுகிறேன். ஆறுதல் தேடி வந்தவர்கள் வேறிடம் பாருங்கள். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதில் பாதி என் மேல்தான்.

நான் லிங்கநகரில் இருப்பவள், கணித ஆசிரியை. வயது ஐம்பத்து மூன்று, பன்னிரண்டு வருடமாக நீரிழிவு. உட்துறைமுகக் கரையோரம் நடைபாதையும் அதை ஒட்டி சைக்கிள் பாதையும் வந்தபிறகு ஊரில் பாதிப்பேர் வைத்தியராகிவிட்டார்கள். விடிய ஐந்தரைக்கே கூட்டம் சேர்ந்துவிடும். தண்ணீர் அசையாமல் கிடக்கும், டீசல் மணக்கும், மான்கள் பாதையில் பிழுக்கை போட்டுவிட்டு விலகாமல் நிற்கும். அதற்கு நடுவே ஒருவர் வெந்தயம் என்பார், இன்னொருவர் பாகற்காய்ச் சாறு என்பார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்க ஒருவரும் இல்லை.

எங்கள் நடைக் குழுவுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். நாங்கள் தபால் ஐயா என்போம். நடைபாதையின் ஓரமாக ஆற்றுக் கற்களைப் பரப்பி, பதினைந்து அடிக்குச் சீமெந்தில் பதித்தவர் அவர்தான். அதில் வெறுங்காலோடு பதினொரு தரம் போய்வந்தால் பாதத்து நரம்புகள் திறக்கும், சீனி இறங்கும் என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கணிதம் படிப்பிக்கிற நானும் கேட்கவில்லை. கோயிலிலும் பள்ளிவாசலிலும் செருப்பைக் கழற்றிப் பழகிய சனம் நாங்கள். வெறுங்கால் என்றால் நல்லது என்ற எண்ணம் எங்களில் ஊறிக் கிடக்கிறது.

முதல் மாதம் அந்தக் கற்கள் உயிரை எடுத்தன. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. ஏழெட்டு மாதத்தில் ஒன்றுமே குத்தவில்லை. அதைச் சொன்ன அன்று எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சருக்கு நரம்பு திறந்துவிட்டது என்று தபால் ஐயா அறிவித்தார். நான் விசரி மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அதோடு விட்டேனா? ஜெஸீமா என்று ஒரு கிண்ணியாக்காரி, பட்டினத்தில் துணிக்கடை வைத்திருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், அவளுக்கும் நீரிழிவு. கல்லில் கால் வைத்ததும் முனகுவாள். அவளுக்கு நானே வாத்தியாரானேன். குத்துவது நிற்கும்வரை நடக்கவேண்டும், நின்றால் சீனி வருத்தம் போனமாதிரி என்று சொல்லிக் கொடுத்தேன்.

பெரியாஸ்பத்திரியில் என்னைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் இளம் ஆள். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலோன் நூலால் பாதத்தைப் பத்து இடத்தில் தொட்டார். தொடுவது தெரிந்தால் ஓம் என்று சொல்லவேண்டும். நான் இரண்டு தரம் சொன்னேன். பத்துக்கு இரண்டு. என் வகுப்பில் அப்படி எடுக்கிற பிள்ளையிடம் தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வா என்பேன்.

கல்லில் நடந்த கதையை அப்போதும் பெருமையாகத்தான் சொன்னேன். முன்பு குத்தியது, இப்போது குத்துவதில்லை என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது சுகம் வந்ததில்லை அம்மா. உங்கட கால் உணர்வு செத்துக்கொண்டு வந்திருக்கு. நீங்கள் அதை நல்லதெண்டு நினைச்சிருக்கிறியள்."

நரம்புச் சிதைவு (நெடுநாள் நீரிழிவால் கால் நரம்புகள் உணர்வை இழப்பது) என்றார். கற்களால் வந்ததல்ல, என் சீனியால் வந்தது. ஆனால் வலி நின்றுபோன அந்த மாதமே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். அந்த மாதத்தில்தான் நான் மூச்சுக்கு மூச்சு பெருமையடித்துக்கொண்டிருந்தேன். இப்போது கிருமி எலும்புவரை போய்விட்டது. பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுக்கவேண்டும், அதோடு நிற்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க நேரும் என்றார். கையெழுத்து வைத்தேன்.

விரல்கள் போனபிறகு, கால் தங்குமா என்று ஆறு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டு அவிழ்க்கும்போது நான் காயத்தைப் பார்க்கமாட்டேன், கணவரின் முகத்தைத்தான் பார்ப்பேன். அவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. நாலாம் நாள் அவர் முகம் செத்துப்போயிற்று. காயத்தின் ஓரம் கறுத்திருந்தது. சதைநீக்கம் (செத்த சதையை வெட்டி அகற்றுவது) செய்தார்கள். அன்றைக்குப் பயத்தில் வாய்விட்டு அழுதேன். வகுப்பறைக்கு ஏறும் படிகளை மனதுக்குள் எண்ணி எண்ணிப் பார்த்தேன், ஒற்றைக் காலோடு எப்படி ஏறுவது என்று.

ஐந்தாம் நாள் தபால் ஐயா தோடம்பழப் பையோடு வந்தார். கல்லில் பிழையில்லை, டீச்சர் இடையில் இரண்டு கிழமை வராமல் விட்டதால் வந்த வினை என்றார். மனதில் கெடுதல் இல்லாத ஆள், தெரியும். ஆனாலும் பழத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். எடுத்துக்கொண்டு போனார்.

கால் தங்கியது, மூன்று விரலோடு. காயம் ஆற மூன்று மாதம் எடுத்தது.

இப்போது காலையும் மாலையும் கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு பாதங்களையும் பார்க்கிறேன். சப்பாத்துப் போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவுகிறேன். என் காலில் என்ன நடக்கிறது என்பதை என் காலே எனக்குச் சொல்லாது. ஒரு நாள் என்றால் எனக்கு இப்போது இரண்டு பார்வைக்கு நடுவிலுள்ள நேரம்தான். அதற்குள் எதுவும் நடந்திருக்கலாம்.

அதிகம் நடக்கவேண்டாம், முன்பாதத்தில் பாரம் விழும், சைக்கிள் ஓடலாம் என்றார் டொக்டர். இருபது வருடத்துக்குப் பிறகு சைக்கிளில் ஏறினேன். அதே கரை, பக்கத்துப் பாதை. பின்னால் வருகிற பெடியள் மணியடித்தே உயிரை வாங்குவார்கள். அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. ஜெஸீமாவைக் காணத்தான் பயந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்தே அவளுக்கு போனில் ஒரு கோல் எடுத்திருக்கவேண்டும். வெட்கத்தில் எடுக்கவில்லை. மூன்று மாதமும் எடுக்கவில்லை. இதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

முதல் நாளே கண்டேன். கல்லில் நடந்துகொண்டிருந்தாள். நான் நடையை விட்டதால்தான் விரல் போனதென்று குழுவில் சொல்லியிருக்கிறார்கள், அவள் இன்னும் கூட்டி நடந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தாள்.

"கோவிக்க வேணாம் டீச்சர். நீங்க சொன்ன மாதிரித்தான் நடக்கிறன். எனக்கு இன்னும் குத்துது."

"நல்லாக் குத்துதோ?"

"ஓம் டீச்சர். உயிர் போகுது. வெக்கமா இரிக்கு."

எனக்கு அழுகையும் வந்தது, பொறாமையும் வந்தது.

"செருப்பைப் போடும், பிள்ளை. இனி இதில ஏறவேண்டாம். நான் சொன்னது முழுப் பிழை."

அவளுக்கு விளங்கவில்லை. கரைக் கட்டின் மேல் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். டொக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் குந்தியிருந்து கேட்டாள். பேச்சை முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தபோதுதான், அவள் என் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன்.