ஐந்து வக்தையும் காலையிலேயே முடித்தவள்

சோம்பேறித்தனத்தில் எங்கள் தெருவிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமில்லை. நான் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள், கோழி தானே ஊருணிக்குப் போய்க் குடித்துவிட்டு வந்துவிடும். தலை வாரிக்கொள்ளச் சொன்னால் ‘பொறவு’ என்பேன். விளக்குக்கு எண்ணெய் வாங்கிவரச் சொன்னாலும் ‘பொறவு’தான். அம்மா எனக்கு நேர் எதிர். விடிவதற்குள் வாசல் கூட்டி, உலை வைத்து, தெருப் பெண்பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துக் குர்ஆன் ஓதிக்கொடுத்து, இதற்கெல்லாம் நடுவே என்னை நாலு சாத்து சாத்தவும் அவளுக்கு நேரம் இருந்தது.

அந்த அம்மா படுத்துவிட்டாள்.

என்னைப் பெற்ற அத்தா பினாங்கில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்துவிட்டான் என்று எங்கள் ஊர் கட்டுமாவடியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதோடு கடிதம் நின்றுபோனது. இரண்டு மாதம் அம்மா தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றாள். மூன்றாம் மாதம் பாயை விரித்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. எதைக் கேட்டாலும் “பொறவு பாத்துக்கலாம்” என்றாள். எனக்குப் பரம சந்தோஷம். என் சொல்லையே அம்மாவும் எடுத்துக்கொண்டாள், வீட்டில் ஒரு கூட்டாளி கிடைத்தாள் என்றுதான் நினைத்தேன்.

பக்கத்து வீட்டில் அம்மாவின் அண்ணன், என் மாமா, குடியிருந்தார். மாமிதான் எங்களுக்கும் சேர்த்துச் சோறாக்கினாள். என் கைக்குழந்தைத் தம்பியும் மாமி இடுப்பிலேயே வளர்ந்தான். அம்மாவுக்குக் கொண்டுவந்த கஞ்சி பாதிக்கு மேல் அப்படியே திரும்பிப் போகும். ஒருநாள் மாமி வேலியோரம் நின்று மாமாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

“இப்படியே கெடந்தா ஒங்க தங்கச்சி நமக்கு மிஞ்ச மாட்டாங்க. சோறு போச்சு, தொழுகையும் போச்சு. ஏதாச்சும் செய்யுங்க.”

அன்று ராத்திரி நான் அம்மாவின் பாயோரமாகவே போய்ப் படுத்துக்கொண்டேன்.

மாமா மீன் வியாபாரி. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அவரைப் பள்ளிவாசல் பக்கம் தேட வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, பெரிய மார்க்க அறிஞரைப் போல என்னை அதட்டினார்.

“ஒனக்குப் பத்து வயசு முடிஞ்சுபோச்சு. இனிமே அஞ்சு வக்தும் தொழுகணும். நாளைக்குச் சுபுஹுல ஆரம்பி.” பிறகு அம்மாவின் முதுகைப் பார்த்து, “இவ ஓதுறது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாதுத்தா. நீதான் கேட்டுச் சொல்லணும்” என்றார்.

“பொறவு பாப்போம்ணே” என்றது முதுகு.

போகும்போது மாமா என்னிடம் ரகசியமாகச் சொன்னார். “ஒங்கம்மாவுக்குப் பக்கத்துலயே தொழுகைப் பாயைப் போடு. சத்தமா ஓது.” எனக்குப் புரிந்ததெல்லாம் என் தூக்கத்தில் மண் விழுந்துவிட்டது என்பது மட்டுமே.

விடியற்காலைப் பாங்கு சொன்னதும் மாமி வந்து என்னை உருட்டி எழுப்பி, கைகால் முகம் கழுவி ஒளு செய்யவைத்து, பாயில் நிறுத்தினாள். பாதித் தூக்கத்தில் ஓதினேன். “ஒரு ஆயத்த விட்டுட்டே” என்றது சுவர்ப்பக்கத்துக் குரல். மறுபடி முதலிலிருந்து ஓதினேன். மறுபடி அதே வசனத்தை விழுங்கினேன். வேண்டுமென்றே செய்யவில்லை, சத்தியமாகத் தூக்கம். மூன்றாவது தடவை அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஏண்டி, நான் ஒனக்கு ஓதிக்கொடுத்த லெச்சணமா இது?”

நான் அழுதேன். வாசலில் மீன் கூடையோடு நின்றுகொண்டிருந்த மாமா சிரித்துக்கொண்டே போனார்.

அன்று முதல் ஐந்து வேளையும் நான் தப்பு செய்ய, அம்மா உட்கார்ந்து திருத்தினாள். திருத்தியதும் படுத்துக்கொண்டாள். அவள் தொழவில்லை. மாமா தினமும் சாயங்காலம் “எந்திரிச்சாளா?” என்று கேட்பார். “உக்காந்துச்சு” என்பேன். அவர் முகம் சுருங்கிப்போகும்.

ஐந்தாம் நாள் என் மூளை வேலை செய்தது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை எழுந்து, கால் கழுவி, பாய் விரிப்பானேன்? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டால் அப்புறம் நாள் முழுக்க நம்முடையதுதானே! சுபுஹு தொழுத கையோடு நடுப்பகல் லுஹர் நான்கு சுற்று, பிற்பகல் அஸர் நான்கு, அந்தி மஃரிபு மூன்று, இரவு இஷா நான்கு என்று காற்றாய்ப் பறந்தேன். கடைசியில் முட்டி இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. அம்மா இது என்ன கூத்து என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினேன்.

“இன்னிக்கி அம்புட்டையும் முடிச்சுட்டேம்மா. நாளைக்கு விடியுற வரைக்கும் என்னைய யாரும் எழுப்பக் கூடாது.”

அம்மா சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு, பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டு மாமி அகப்பையும் கையுமாக ஓடிவந்தாள்.

“அடி கிறுக்கி, தவறிப்போன வக்தப் பொறவு தொழுதுக்கலாம். வராத வக்த இப்பவே எப்படிடி தொழுவே? அது வாரப்ப வரட்டும். வந்தா எந்திரிச்சு நிக்கணும், அம்புட்டுத்தானே ஒனக்கு...”

அங்கேயே நிறுத்திவிட்டாள். சிரிப்பும் நின்றுபோனது. யாரோ அவளிடம் சொன்னதுபோல், “வந்தா எந்திரிச்சு நிக்கணும்” என்று தனக்கே ஒருதரம் முணுமுணுத்தாள். பிறகு, “கொடத்துல தண்ணி இருக்கா?” என்றாள். நான் எப்போது நிரப்பினேன், இருப்பதற்கு! அம்மாவே குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். வெயில் வருவதற்குள் ஒளு செய்துவந்து, நான் சுருட்டிவைத்த பாயை விரித்து நின்றாள்.

அப்புறம் நடந்ததை வியாதி குணமானது என்று சொல்ல முடியாது. லுஹருக்கு எழுந்தவள், எழுந்ததுதான் எழுந்தோம் என்று உலை வைத்தாள். அஸருக்கு எழுந்தவள் தம்பியைக் குளிப்பாட்டினாள். ஐந்து தடவை எழுந்து நின்றவளுக்கு நடுவில் படுத்துக் கிடக்க அவ்வளவாக நேரம் அமையவில்லை. மாதாமாதம் அவளுக்குத் தொழுகை இல்லாத நாட்களிலும் பக்கத்தில் உட்கார்ந்து என் தப்பைப் பிடித்தாள். நோன்பு மாதத்துக்குள் தெருப்பிள்ளைகள் மறுபடி ஓத வந்துவிட்டார்கள். பினாங்கிலிருந்து கடிதம் மட்டும் வரவில்லை.

அம்மா எழுந்துவிட்ட வீட்டில் நான் மட்டும் எங்கே படுப்பது? பாங்குக்கு முன்பே குடத்தை நிரப்பிவைக்கப் பழகினேன். இந்த வயதிலும் என் வேலை எதுவும் மறுநாளுக்கு மிஞ்சியதில்லை. அந்தக் காலத்தில் தெருப்பிள்ளைகளிடம், “எங்கம்மாவுக்கு வந்த சோம்பல நாந்தான் வெரட்டுனேன்” என்று பீற்றிக்கொள்வேன். மாமாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், “ஆமா, வேற யாரு? நீதான்” என்று தலையாட்டுவார். எனக்குத் தலைகால் புரியாது. அந்தப் பெருமையை நான் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஒன்றில்தான் எனக்குக் கொஞ்சம் மனக்குறை இருந்தது. தொழுது முடித்துக் கையேந்தி வேண்டினால் என் துஆ இரண்டே வார்த்தையில் முடிந்துவிடும். அம்மா ஏந்திய கை ஏந்தியபடியே இருக்கும். உதடுகூட அசையாது. நான் என் பாயைச் சுருட்டிவிட்டு, தெருவில் விளையாட்டுச் சத்தம் கேட்க, கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பார்ப்பேன். மற்ற சோம்பலெல்லாம் போய்விட்டது, கையைக் கீழே இறக்கத்தான் அம்மாவுக்கு இன்னும் சோம்பலாயிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.