படையலுக்கு வைத்த பொந்தியான் காப்பி

என் மனைவி பொந்தியான் ஊர்க்காரி. கல்யாணமாகி தம்போயில் என் வீட்டுக்கு வந்த அன்று, பஸ்ஸில் மடிமேல் ஒரு பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டே வந்தாள். உள்ளே ஒரு காப்பிக் கன்று. அவள் அப்பா வீட்டு லிபெரிக்கா ஜாதிக் காப்பி மரத்து விதையில் முளைத்தது. வீட்டுக்குப் பின்னால் நட்டோம். அது பாட்டுக்கு வளர்ந்தது. உள்ளங்கையைவிடப் பெரிய இலை. ஏணி வைத்துத்தான் பழம் பறிக்கணும்.

பழத்தோலை உரித்து, கொட்டையை வெயிலில் காயவைத்து, உரலில் குத்தி உமியை ஊதி, குவாலிச் சட்டியில் வறுப்பாள். கடைசியில் கொஞ்சம் சீனி, கொஞ்சம் மார்ஜரின். எனக்கு டின் பால் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவள் பால் இல்லாமல் காப்பி-ஓ குடிப்பாள்.

"எங்க மரத்துக் காப்பியில பலாப்பழ வாசனை வருதா?" என்பாள்.

"காப்பியில காப்பி வாசனைதான் வரும்."

"இம்புட்டுப் பாலை ஊத்துனா எங்க வரும்? முருகன் உங்களுக்கு மூக்கைக் கண்ணாடி மாட்டத்தான் கொடுத்திருக்காரு!"

இருபத்தெட்டு வருசம் இதே சண்டை. நானும் ஒருநாள்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்த முதல் வருசத் திதிக்கு, எனக்கு வறுக்கத் தெரியாததால் கடைத்தூள் காப்பியைத்தான் படைத்தேன். உயிரோடு இருந்தவரை கடைக் காப்பியைத் தொடாதவள். அவள் படத்தை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த திதிக்கு அவள் மரத்துக் காப்பிதான் என்று சாமி மாடத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன்.

இந்த வருசம் மரம் சரியாகக் காய்க்கவில்லை. உமி போக, ஒரு தடவை வறுக்கத்தான் தேறியது. தீய்ந்தால் அவ்வளவுதான். இதில் இன்னொரு சங்கடம்: படையலுக்குச் செய்வதை ருசி பார்க்கக் கூடாது. சாம்பாருக்கு உப்புகூடப் பார்க்க மாட்டோம். சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"யூடியூப்ல பார்க்கலாம்பா" என்றாள் மகள்.

"அம்மா செஞ்சதை எத்தனை தடவை பார்த்திருக்கேன், தெரியும்லா" என்றேன் வீறாப்பாக.

தெரியவில்லை. சீனி போட்டதும் ஒரே புகை. தட்டில் கொட்டினேன், பாறை மாதிரி ஒட்டிக்கொண்டது. "அப்பா, இது காப்பியா, கல்கண்டா?" என்று சிரித்துக்கொண்டே மகள்தான் சுத்தியலால் உடைத்து அரைத்துக் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திதியன்று வாழையிலை போட்டு எல்லாம் பரிமாறியாயிற்று. தூளில் வெந்நீர் ஊற்றித் துணியில் வடிகட்டி, அவள் டம்ளரில் ஊற்றினேன். பால் இல்லாமல், அவள் குடிக்கிற மாதிரியே. கையில் ஏந்தி அவள் படத்துக்கு முன்னால் வைக்கக் குனிந்தேன். ஆவி முகத்தில் அடித்தது.

"பலாப்பழம் எப்பம்மா வாங்கின? இலையில வைக்க மறந்துட்டியே" என்றேன் மகளிடம்.

மகள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நான் பலாப்பழமே வாங்கலப்பா."

டம்ளரை மறுபடி முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோக எனக்குப் பயமாக இருந்தது. படைக்கிறதை மோந்து பார்ப்பதும் தப்புத்தானே. அப்படியே வைத்துவிட்டேன்.

கற்பூரம் காட்டும்போது தினமும் சொல்கிற தேவாரம் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. அவள் படத்தைப் பார்த்து "வருது புள்ள" என்று மட்டும் சொன்னேன்.