ஆசியாவுக்காக நான் பேச எழுந்த பொங்கல்

இதைப் படிப்பவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பேனாவைப் பிடித்தால் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்ததுபோல விரல்கள் இறுகிக்கொள்கின்றன. வரி மேலே ஏறிப்போகிறது. எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. எங்கள் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் வருடா வருடம் கேட்கிறார். நகல் எடுக்கும்போது பிழைகளை அவரே திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்து சேரம்பாடிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியேறி இரண்டாவது வருடம் அது. நாங்கள் என்றால் அம்மா, நான், என் மனைவி. அப்பா கப்பல் ஏறுவதற்கு முன்பே அங்கே மண்ணுக்குள் போய்விட்டார். அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். அவள் கணவருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. எங்களுக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வந்தது. ஒரே லயத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த அறைகளில், ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் நாங்கள். அக்கா வீட்டில் மிளகாய் வறுத்தால் இங்கே நாங்கள் இருமுவோம்.

அது எப்படி முடிவானது என்பதைச் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். சிலோனில் ஒரு நாள் ஜீப்பில் சில துரைமார்கள் வந்தார்கள். காலையில் ஆள் எண்ணும் கொட்டகையில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்தார்கள். மேசைமேல் ஒரு கிளாஸ் தண்ணீர். பேர் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய் எந்த நாடு என்று சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், சும்மா கேட்டு எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். அப்பா ஏதோ சொன்னார். அக்காவின் கணவர் வேறு ஏதோ சொன்னார். வீட்டுக்கு வந்து இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். இரண்டு நாட்டுத் தலைவர்களும் எங்கோ உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்துவிட்டார்கள் என்பது பின்னால்தான் எங்களுக்குப் புரிந்தது.

இனிப் பொங்கலுக்கு வருகிறேன். அந்த வருடம் படிப்பகத்தில் பட்டிமன்றம் வைப்பதென்று செயலாளர் முடிவு செய்தார். நடுவராக வரச் சம்மதித்த கூடலூர் பள்ளி ஆசிரியரே தலைப்பையும் கொடுத்தார். ஆசியக் கண்டத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே கூட்டாட்சி ஆகலாமா, கூடாதா. செயலாளர் என்னிடம் வந்து, ஆகலாம் என்ற பக்கத்தில் நீங்கள் பேச வேண்டும், இரண்டு நாடு பார்த்தவர் இங்கே வேறு யார் இருக்கிறார் என்றார். நான் நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கவே தயங்குகிறவன். மாட்டேன் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. அதனால் ஒத்துக்கொண்டேன்.

கூட்டாட்சி என்றால் என்ன என்று அவரையே கேட்டேன். அவர் விளக்கியதை என் புத்திக்கு எட்டியபடி மாற்றிக்கொண்டேன். சிலோனில் எங்கள் தோட்டத்துக்கு மூன்று டிவிசன். ஒவ்வொன்றுக்கும் தனிக் கங்காணி, தனிக் கோயில், தனித் திருவிழா. ஆனால் கொழுந்து மொத்தமும் ஒரே பேக்டரிக்குத்தான் போகும். நடுவில் ஆறு ஓடியது. கம்பியில் தொங்கி மூட்டைகள் ஆற்றைக் கடக்கும். எந்த மூட்டையையும் யாரும் நிறுத்தி, நீ எந்த டிவிசன் என்று கேட்டதில்லை. நாடுகளும் அப்படி இருந்தால் என்ன? இதைத்தான் பேச நினைத்தேன். கொழுந்து பறிக்கும் மலையில், மனைவி பக்கத்து நிரையில் நிற்க, வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குச் சிரிப்பு. “செடிக்குச் சொன்னது போதும், நமக்கும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்பாள்.

அம்மாவும் விசாரித்தார். யார் வருகிறார்கள், ஜீப்பிலா வருகிறார்கள், எத்தனை பேர் உட்காருவார்கள் என்று கேட்டார். நான் வேலைக் களைப்பில் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். விழா பார்க்கும் ஆசை என்று நினைத்தேன்.

பொங்கலன்று மத்தியானம் படிப்பகத்துக்கு முன்னால் இருந்த மைதானத்தில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஆசிரியரும் அவரோடு வந்த இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கூடாது என்ற பக்கத்தில் முதலில் பேசியவர் டீக்கடைக்காரர். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, காலத்தில் வந்த குடும்பம். கடையில் பேசுவதுபோலவே மைக்கைப் பிடித்துப் பேசினார்.

“ஏனுங்க, சிலோன்ல இருந்து பத்து ஊடு வந்ததுக்கே பைப்படியில கொடம் வெக்க எடமில்லீங்க. ஆசியாக் கண்டமே வந்து நின்னுச்சுன்னா, நம்ம கொடத்த எங்கீங்க கொண்டுபோய் வெக்கிறது?”

மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தபோதுதான் முன் வரிசையில் அம்மாவைக் கண்டேன். கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலை. மடியில் துணிப்பை. அந்தப் பை எங்கள் வீட்டில் பெட்டிக்கு அடியில் இருப்பது; எங்கள் பாஸ்போர்ட்டும் அக்காவின் கல்யாணப் படமும் அதில்தான் இருக்கும். அம்மா பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல், மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இதையும் அந்த விசாரணை மாதிரி ஒன்று என்று அம்மா நினைத்துவிட்டார். மேசை இருந்தது, வெள்ளைத் துணி இருந்தது, தண்ணீர் இருந்தது. நாடுகள் சேரலாமா என்றுதான் கேட்கிறார்கள். பேர் கூப்பிட்டால் எழுந்து போய்ப் பதில் சொல்ல வேண்டும். இதற்குமுன் அம்மா வாழ்நாளில் பார்த்த அப்படிப்பட்ட மேசை ஒன்றே ஒன்றுதான். அதுதான் அக்காவைப் பிரித்தது. இந்த மேசை சேர்த்துவைக்கப் போகிறது, மகன் அதற்காகப் பேசப்போகிறான் என்று வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்து என் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். டிவிசன், ஆறு, கம்பி எல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்தது. அம்மா தலையை ஆட்டி என்னைத் தைரியப்படுத்தினார். ‘பெரியோர்களே’ என்றேன். மறுபடியும் ‘பெரியோர்களே’ என்றேன். என் குரலே மைக்கில் வேறு யாருடையதோபோல் கேட்டது. பின்னாலிருந்து ஒருவன், “பெரியவங்க எல்லாம் வந்தாச்சு, மேல சொல்லுங்க” என்றான். ஆகலாம் என்பதே என் கருத்து என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கை தட்டினார்கள். சீக்கிரம் முடித்ததற்கான கைதட்டு அது.

அம்மா எழுந்துவிட்டார். மேசைக்கு நேராகப் போய், பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வெள்ளைத் துணிமேல் வைத்தார்.

“தொரைமாருங்களே, எம்மகன் வெக்கப்படுறவன், அவனுக்குச் சொல்ல வராது. எம் பெரிய புள்ள அங்கிட்டு நிக்குது. நாடு ரெண்டும் சேந்தா அது வரும். சேராட்டிப் போனாலும் பரவால்ல, அவள மட்டும் விட்டுறச் சொல்லி எழுதுங்க.”

இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். ஆசிரியர் எழுந்து நின்றார்.

“அம்மா, உக்காருங்க. இது பொங்கலுக்காக வெச்ச பேச்சும்மா. நாங்க சொன்னா எந்த கவர்மெண்டும் கேக்காது.”

“அன்னைக்கும் இப்பிடித்தாஞ் சொன்னாங்க, சும்மா கேட்டு எழுதிக்கிறோம்னு.”

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. என் வயதுக்கு நான் எழுந்துபோய் அம்மாவின் கையைப் பிடித்திருக்க வேண்டும்.  என் மனைவிதான் பெண்கள் பக்கத்திலிருந்து வந்து கூட்டிப்போனாள். ஆசிரியர் முடிவு எதுவும் சொல்லவில்லை. பிறகு யோசித்துச் சொல்வதாகக் கூறி எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டார்.

டீக்கடைக்காரர் என்னைத் தேடி வந்து, “நான் பேசுனது மேடைக்குங்க. அம்மாகிட்டச் சொல்லிருங்க” என்றார். மறுநாள் பைப்படியில் அவர் மனைவி தன் குடத்தை நகர்த்தி அம்மாவின் குடத்துக்கு முதல் இடம் விட்டார். மற்ற பெண்களும் ஒதுங்கினார்கள். அம்மா நிறைந்த குடத்தோடு வீட்டுக்கு வந்து, முடிவு நம் பக்கம்தான் போலிருக்கிறது, ஊருக்குத் தெரிந்துவிட்டது என்றார். உட்கார்ந்து விளக்கினேன். அது விசாரணை இல்லை, யாரும் எழுதி அனுப்பவில்லை, எல்லாம் பொழுதுபோக்கு என்றேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, நாடு பிரிக்கிறதும் சேர்க்கிறதும் பொழுதுபோக்கா என்று கேட்டார். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மாசி பிறந்த பிறகு ஆசிரியர் வீடு தேடி வந்தார். முடிவு சொல்ல வந்திருக்கிறார் என்று அம்மா பாய் விரித்தார். அவர் ஒரு வழி மட்டும் சொன்னார். அக்காவை இங்கே குடியேற்ற முடியாது. ஆனால் விருந்தாளியாக விசா வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அங்கே யாரைப் பார்க்க வேண்டும், என்னென்ன காட்ட வேண்டும் என்பதையும் சொன்னார். அதன்பின் ஒரு வருடத்துக்கும் மேலானது. அக்கா கப்பலில் வந்து இறங்கினாள்.

வெளிநாட்டு ஆள் வந்தால் போலீஸில் பதிய வேண்டும். மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டு நல்ல மனிதர். பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, இவர் எந்த நாட்டுக்காரர் என்று என்னைக் கேட்டார். நான் அக்கா என்றேன். உறவைக் கேட்கவில்லை, நாட்டைக் கேட்கிறேன் என்றார். அம்மா குறுக்கே புகுந்து, “என் வயித்துல பொறந்தவய்யா” என்றார். “அதெழுத இதுல எடமில்லீங்கம்மா” என்று அவர் மெதுவாகச் சொன்னார். நான்தான் நாட்டின் பேரைச் சொன்னேன். சொல்லும்போது அக்காவைப் பார்க்க முடியவில்லை.

அக்கா எங்கள் அறையையும், வாசலில் காலைச் சுற்றும் பனியையும், காயவைத்த துணி காயாமலே இருப்பதையும் பார்த்தாள். “இதுக்கா தம்பி கப்பலேறுனீங்க?” என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். அம்மா தினமும் ஒரு தடவையாவது இங்கேயே இருந்துவிடச் சொன்னார். ஒளித்துவைத்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொன்னார். அக்காவுக்கு அங்கே பிள்ளைகள், வேலை, ஓட்டு எல்லாம் இருக்கிறது. ஒரு நாள் அவளிடம் பட்டிமன்றத்தைப் பற்றி, சிரிக்க வைக்கலாம் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“நம்மளக் கேக்காமப் பிரிச்சாங்க தம்பி. கேக்காமலே சேத்துவெச்சா மட்டும் நல்லதாயிருமா?”

 நாடுகள் ஒன்றாகலாம் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் யாராவது மேசை போட்டு அதைச் செய்ய வந்தால் நான் பயந்துபோவேன் என்பதும் உண்மை. ஒரு தாய் நினைத்தபோது போய் மகளைப் பார்த்துவிட்டு வர ஒரே நாடு தேவையா, அல்லது ஒரு வழி இருந்தால் போதுமா என்பதைப் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

விசா முடியப் போகும் நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் கெட்டது. ஒரு நாள் தாண்டினாலும் நான்தான் ஏட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். ராமேஸ்வரம் ரயிலுக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்று அக்காவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் கடைசியில், “அனுப்பிருவடா, பயப்படாத” என்றாள். கூடலூரில் பஸ் ஏற்றிவிட்டேன். அம்மா வரவில்லை. பஸ் திருப்பத்தில் மறைந்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. நாள் தவறாமல் போய்விட்டாள் என்ற நிம்மதி. கடலில் போட்ட கோடு என் நெஞ்சுக்குள்ளும் விழுந்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தார். போயிட்டாளா என்று கேட்டார். போயிட்டா என்றேன். என் முகத்தில் அந்த நிம்மதியை அம்மா பார்த்துவிட்டார். தட்டை வைத்துச் சோறு போட்டார்.

தை மாதம் மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை.