பலெர்மோவின் நத்தார் ஹாக்கி

இத்தாலியின் பலெர்மோ நகரில், வியா மக்வேதா வீதியை ஒட்டிய சதுக்கத்தில் தற்காலிகமாகப் பனித்தளம் போட்டிருக்கிறார்கள். கல்லூரிப் பெண்களின் கிறிஸ்துமஸ் ஐஸ் ஹாக்கி இறுதியாட்டம் நடக்கிறது. டிசம்பரிலும் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. என் பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணத்துப் பெண் ரஜனியின் மகள்தான் கோல்கீப்பர்.

"எத்தனை வருஷமா நடக்குது, அக்கா?"

"மகள் பிறக்க முந்தியே துவங்கிட்டுது. முதல் வருசம் ஐஸ் உருகி, தண்ணிக்குள்ளை நிண்டு விளையாடினவையாம். அதோடை விடேல்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் நடத்துகினம். மகளின்ரை கொலிஜ் இன்னும் வெண்டதில்லை."

இன்று மகளின் அணி ஒரு கோல் முன்னிலை. கடைசி நிமிடத்தில் எதிரணிப் பெண் வட்டை ஓங்கி அடிக்கிறாள். ரஜனி கண்களைப் பொத்திக்கொள்கிறார். மகள் பாய்ந்தும் தவறவிடுகிறாள். ஆனால் வட்டு கோல் கோட்டுக்கு முன்னால் தேங்கிய நீரில் நின்றுவிடுகிறது. அவள் திரும்பி அதன்மேல் விழுகிறாள். ஆட்டம் முடிந்ததற்கான விசில் ஒலிக்கிறது.

"பிடிச்சிட்டாளோ?" என்கிறார் ரஜனி, கண்ணைத் திறக்காமல்.

"அருமையாப் பிடிச்சா, அக்கா."