திருநீறு பூசிய கொங்கா

எங்கள் வீட்டுத் திருநீற்றுக் கிண்ணம் ஒரே நாளில் காலியானதற்குக் காரணம் பக்தி இல்லை, நான்தான். மாமியார் இன்னும் அதை மன்னிக்கவில்லை. "நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன்" என்று வாரத்துக்கு இரண்டு முறை சொல்கிறாரே, அதிலேயே தெரிகிறது.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் கொங்கா அடிப்பவள். கொங்கா என்பது கியூபாக்காரர்களின் முரசு. இடுப்புயரப் பீப்பாய், மேலே மாட்டுத்தோல், குச்சி கிடையாது, வெறுங்கைதான். ரங்கூனில் ஓர் ஓட்டலின் தேநீர்க் கூடத்தில் பெரியது ஒன்றும் சின்னது ஒன்றுமாக இரண்டை முன்னால் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் சா-சா-சா, மாம்போ என்று கியூபா நடனத் தாளங்களை அடித்தேன். எங்கள் பாண்டில் நான்கு பேர். நால்வரில் ஒருவர்கூட ஹவானாவைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் மிங்கலாடோன் விமான நிலையத்தைத் தாண்டியதே இல்லை, அங்கே போனதும் மற்றவர்களை வழியனுப்பத்தான். கப்பல்காரர்கள் எப்போதோ விட்டுப்போன இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு எங்கள் பியானோக்காரர் காப்பியடித்தார். அவரைப் பார்த்து நாங்கள் காப்பியடித்தோம். அவ்வளவுதான் எங்கள் கியூபா.

அவரை எல்லோரும் சயா என்போம். பர்மியத்தில் வாத்தியாருக்கும் டாக்டருக்கும் மேஸ்திரிக்கும் எல்லாருக்கும் அந்த ஒரு மரியாதைதான். எழுபதைத் தாண்டிய கிறிஸ்தவத் தமிழர், என் அப்பா போன அதே மாதா கோயிலுக்குப் போகிறவர். பாட்டு தொடங்குமுன் பியானோ மூடியில் விரலால் ஐந்து தட்டு தட்டுவார்: மூன்று, பிறகு இரண்டு. அந்த ஐந்து தட்டுக்குள்தான் முழு கியூபாவும் இருக்கிறது என்பார். நான் ஓர் இந்துவைக் கல்யாணம் செய்ததைக்கூட ஒரு வருடத்தில் மறந்துவிட்டார். ஒரு புத்தாண்டு விருந்தில் நான் தாளம் தவறவிட்டதைப் பதினைந்து வருடமாக ஞாபகம் வைத்திருந்தார்.

பெண்பிள்ளை காலை அகட்டி உட்கார்ந்து மேளம் அடிப்பதா என்று இரு பக்கத்துச் சொந்தக்காரர்களும் கேட்டார்கள். எங்கள் கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார மாட்டேன் என்றவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாகிவிட்டார்கள். போங்க, உங்க வேலையைப் பாருங்க என்று விட்டுவிட்டேன்.

ஆனால் கொங்கா இரண்டும் என்னுடையவை அல்ல. சயாவின் சொத்து. ஓட்டலிலேயே இருக்கும், வாசலைத் தாண்டக் கூடாது. அப்படிப்பட்ட ஜோடி இந்த ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. போன மழைக்காலத்தில் சயா ஒரு குண்டைப் போட்டார்: மகளோடு இருக்க ஆஸ்திரேலியா போகிறாராம், பாண்டும் அதோடு முடிந்ததாம். "டிரம் ரெண்டையும் உனக்குக் குடுக்கறதா, அங்க கொண்டு போறதான்னு கடைசி ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றார். "தோலை நீ எப்படி வச்சிருக்கேன்னு பார்த்துட்டுத்தான்."

எனக்கு ராத்தூக்கம் போயிற்று. அந்த இரண்டும் இல்லாவிட்டால் நான் யார்? தாமுவேயில் நாலாவது மாடியில் குடியிருக்கும் ஒரு டாக்சிக்காரரின் மனைவி. அதில் கேவலம் ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு அது போதாது.

இந்த நேரம் பார்த்துத்தான் ராப்பர் வந்து சேர்ந்தார். லான்மடாவில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், முப்பத்தைந்து வயது, நல்ல தொந்தி. ஓட்டல் மேனேஜரின் போனைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், என் கையைப் பார்த்துக்கொண்டு தூணோரமாக ஒரு மணி நேரம் நின்றார். தமிழர்தான். தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் பேச்செல்லாம் பர்மியம். ராப்பும் பர்மியத்தில்தான், கெட்ட வார்த்தைக்கு மட்டும் தாய்மொழி.

"ஆன்ட்டி, எங்க பாட்டுக்கு வாசிங்க" என்றார். "எங்ககிட்ட லேப்டாப் பீட்தான் இருக்கு. அதுக்கு வேர்க்காது."

அந்த ஒரு சொல்லுக்கே நான் விழுந்துவிட்டேன். அவர் கடையின் பின்னறையில், பிரித்துப் போட்ட போன்களுக்கு நடுவே, மேசையில் தட்டியபடி அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். கேட்கக் கேட்க ஒன்று உறைத்தது. அவர் வரிகள் மூச்சு வாங்கும் இடமெல்லாம் சயாவின் ஐந்து தட்டில்தான் வந்து விழுந்தன. மூன்று, பிறகு இரண்டு. தொந்தி குலுங்க அவர் கத்திக்கொண்டிருந்தது பச்சை மாம்போ! அவருக்கும் தெரியாது, சயாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ராப் என்றாலே சயாவுக்கு ஆகாது. "அடுத்தவன் இசைத்தட்டை வெட்டி ஒட்டற திருட்டுப் பசங்க" என்பார்.

அவர்கள் நிகழ்ச்சி சனிக்கிழமை, சயாவின் கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள். இப்போதெல்லாம் ஊரடங்குக்குப் பயந்து இருட்டின பிறகு யார் வெளியே தங்குகிறார்கள்? ஆகவே ராப்பும் பகல் மூன்று மணிக்கு, பள்ளிக்கூட ஆண்டுவிழா மாதிரி. ராப்பருக்கு ஒரே ஒரு குறைதான்.

"ஆன்ட்டி, அந்தப் பெரிய டிரம் இன்னும் கீழ போகுமா? வயித்துல இடிக்கணும்."

தோலைத் தளர்த்தினால் சத்தம் செத்துவிடும். அப்போதுதான் பகோடா திருவிழாவில் பார்த்தது நினைவுக்கு வந்தது. பர்மிய மேளக்காரர்கள் வட்டமாகக் கட்டித் தொங்கவிட்ட மேளங்களின் தோல் நடுவில், மசித்த சோற்றையும் சாம்பலையும் பிசைந்து அப்புவார்கள். அப்ப அப்பச் சுருதி கீழே இறங்கும். ஆட்டம் முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். நம் மிருதங்கத்துக்கு இடப்பக்கம் ரவை அப்புகிறோமே, அதே வித்தைதான். கொங்காவுக்கு மட்டும் என்ன, கொம்பா முளைத்திருக்கிறது?

வெள்ளிக்கிழமை ஓட்டல் காவலாளியிடம் "தோலுக்கு வெயில் காட்டணும்" என்று சொல்லிப் பெரியதை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேட்டைத் திறந்தார்.

சோறு இருந்தது. சாம்பல்? நாலாவது மாடியில் விறகடுப்புக்கு எங்கே போவது? கோதுமை மாவைப் பிசைந்து அப்பினேன், இரண்டே அடியில் உதிர்ந்தது. வெறும் சோறு வழுக்கிக்கொண்டு போனது. அப்போது என் கண் பூஜை அலமாரியில் போய் நின்றது. பழனிக்குப் போன சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த திருநீறு, கிண்ணம் நிறைய. மாமியார் ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகைதான் எடுப்பார். எனக்கு ஒரு சிட்டிகை போதவில்லை.

பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், திருநீறும் மாட்டிலிருந்து வந்தது, தோலும் மாட்டிலிருந்து வந்தது. ஒன்றையொன்று அப்படிப் பிடித்துக்கொண்டன! ஓர் அடி அடித்தேன். கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து இடியா என்று கேட்டார்.

சனிக்கிழமை ஆட்டத்தைச் சும்மா சொல்லக்கூடாது. லான்மடாவில் கடைகளுக்கு மேலே ஒரு மாடிக்கூடம், மின்விசிறி கிடையாது, இருநூறு இளவட்டங்கள். நான், இங்கே பெண்களும் கட்டும் லுங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்ததும் முன்வரிசையில் யாரோ "யாரோட அம்மா?" என்று கேட்டார்கள். முதல் அடி வயிற்றில் இடித்தது, அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. சயாவின் ஐந்து தட்டை விடாமல் பிடித்துக்கொண்டேன், அதன்மேல் ராப்பர் ஏறி ஓடினார். அத்தனை சந்தோஷமாக நான் இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் வாசித்ததில்லை. கை வீங்கிப் போயிற்று, வலியே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் மாமியார், கையில் காலிக் கிண்ணம்.

"ஏண்டி, பழனியாண்டவர் திருநீறு எங்க போச்சு?"

பொய் சொல்லத் தெரியாமல் உண்மையைச் சொன்னேன். பிறகு நடந்ததை எழுதினால் காகிதம் போதாது. என் பிறந்த வீடு, என் மதம், நான் சமைத்த குழம்பு எல்லாம் சந்திக்கு வந்தன. நானும் சும்மா இருக்கவில்லை. அந்த ரகளையில் கொங்காமேல் ஒரு துணியைப் போட்டு மூடியவள், தோலைச் சுரண்ட வேண்டும் என்பதையே மறந்துபோனேன். மறுநாள் துணியோடு தூக்கிக்கொண்டு ஓட்டலுக்கு ஓடினேன்.

ஞாயிறு மூன்று மணி. சயாவின் கடைசித் தேநீர் நடனம். வயதான ஜோடிகள் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சும் காலில் பளபள ஷூவுமாக வந்திருந்தார்கள். சயா ஐந்து தட்டு தட்டினார். நான் துணியை உருவினேன், சா-சா-சா தொடங்கிவிட்டது. பெரியதில் கை வைத்ததும் உயிரே போய்விட்டது. ராத்திரி முழுக்கக் காய்ந்த பசை. அடிக்கு அடி வெடித்து, புகைபோல வெள்ளைத்தூள் கிளம்பியது. டும் என்ற இடியில் மேசைக் கோப்பைகள் குலுங்கின. வியர்வை கண்ணில் இறங்க, அவசரத்தில் மூன்று விரலால் நெற்றியைத் துடைத்தேன். எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பார்த்தால், ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவச்சி நெற்றி நிறையப் பட்டையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

சயா பியானோவை நிறுத்தினார். பாட்டின் நடுவில் அவர் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. எழுந்து வந்தார். தோலில் விரல் வைத்தார், முகர்ந்தார்.

"இது என்னம்மா?"

"சோறு, சயா."

"சோறா?"

"கொஞ்சம் திருநீறும்."

அவர் என் நெற்றியைப் பார்த்தார், பிறகு என் வீங்கின கையைப் பார்த்தார். "எங்க வாசிச்ச?" என்றார். சொன்னேன். திரும்பிப் போய், மறுபடி ஐந்து தட்டு தட்டி, கடைசிவரை வாசித்தார். நான் சின்னதை மட்டும் வைத்து ஒப்பேற்றினேன்.

எல்லோரும் போன பிறகு கூப்பிட்டார். "பெரியதை நீ கெடுத்துட்ட. கெடுத்ததை நீயே வச்சுக்க. சின்னது என்கூட வருது."

"ஜோடியைப் பிரிக்கிறீங்களே, சயா!"

"நானா பிரிச்சேன்? ஒண்ணை மட்டும் தூக்கிட்டுப் போனது யாரு?"

கேட்டது பாதி கிடைத்தது, போனது பாதி. என் கணவரின் டாக்சியில் பெரியதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தாமுவே வரை அழுதேன். அவர் பாவம், சுற்றுவழியில் ஓட்டினார்.

அதற்குப் பிறகு ராப்பர்களோடுதான் என் பிழைப்பு. ஒற்றைக் கொங்கா. வாசிக்கும்போது இடது கை சின்னதைத் தேடிப் போய்க் காற்றை அடிக்கும். அதுதான் ஸ்டைல் என்று நினைத்து முன்வரிசைப் பெண்களும் கையை அப்படி வீசுகிறார்கள்.

சயா போய் இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. கோபம் என்றே நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் நேரம் சரியாக மூன்று மணிக்கு, போனில் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பேச்சே இல்லை. ஐந்து தட்டு, பிறகு சின்னக் கொங்காவில் சா-சா-சா. பெரியது வர வேண்டிய இடம் வரும்போதெல்லாம் கையை நிறுத்தி, இடம் விட்டிருந்தார். நான் போனை அலமாரியில் சாய்த்து வைத்து அந்த இடங்களில் பெரியதை அடித்தேன். மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அடுத்த ஞாயிறும் மூன்று மணிக்கு வந்தது, அதற்கடுத்த ஞாயிறும்.

ராப்பரிடம் போட்டுக் காட்டினேன். "ஆன்ட்டி, இதுக்கு வேர்க்குது" என்றார். சயாவின் செய்தியை வெட்டி, ஒட்டி, சுற்றவிட்டு, அதன்மேல் என் பெரியதையும் தன் கத்தலையும் ஏற்றி ஒரு பாட்டாக்கிவிட்டார். திருட்டுப் பசங்கள் சயாவையே வெட்டி ஒட்டிவிட்டார்கள்! பயந்துகொண்டே அனுப்பி வைத்தேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் குரல் வந்தது.

"கேட்டேன். அந்தப் பையன் கத்தறது ஒண்ணும் புரியல. ஆனா தாளத்துலதான் கத்தறான்." ஓர் இருமல். "உன் பெரியதுல சாம்பல் கூடிப்போச்சு, சோறு இன்னும் போடு. அப்புறம் ஒண்ணு. நானும் சின்னதுல பூசிப் பார்க்கணும். இங்க விறகு எரிக்க மகள் விட மாட்டேங்கறா. உங்க மாமியார்கிட்ட கேட்டுக் கொஞ்சம் அனுப்பு."

மாமியாரிடம் எப்படிக் கேட்பது? கிண்ணத்தை இப்போது பூட்டி வைத்திருக்கிறார். பட்டது படட்டும் என்று, சயா திருநீறு கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

"அவர் வேதக்காரராச்சே!"

"ஆமாம்."

கண்ணில் நீர் தளும்ப எழுந்து போய், சாவி போட்டுத் திறந்து, புதுப் பொட்டலத்தை உடைக்காமல் அப்படியே எடுத்து வந்து என் கையில் வைத்தார். "அந்த முருகன்தான் அவருக்கு வழி காட்டியிருக்கான்" என்றார். நான் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தினமும் பூசிக்குவாராமா?"

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மட்டும், அத்தை" என்றேன்.